கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில்: யாழ்ப்பாணத்தில் ஊழியர் காப்பு வளர்ந்த வரலாறு

முன்னுரை

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்பது யாழ்ப்பாணக் குடாநாட்டில் நீண்டகாலமாக வழங்கிவரும் முதுமொழி. கோறணமேந்து என்பது அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. இம்முதுமொழியை யாழ்ப்பாணத்தாரின் உத்தியோக மோகத்துக்குச் சான்றாகக் காட்டி நகையாடுவோர் பலர். ஆயின், அரசாங்க உத்தியோகத்தில் எது இவ்வளவு கவர்ச்சியுடையதாயிருந்தது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. சம்பளம் மட்டுமே அதற்குக் காரணமன்று. அரசாங்க எழுதுவினைஞர் ஒருவரின் மாதச் சம்பளத்தினும் கூடுதலாக ஈட்டிய வணிகர் குடாநாட்டில் இருக்கவே செய்தனர். எழுதுவினைஞர் பெற்று வணிகர் பெறாதது ஒன்றே: நோயுற்றபோது சம்பளத்தோடு விடுமுறை, முதுமையில் ஓய்வூதியம், மரணத்தின் பின் மனைவி மக்களுக்கு ஓர் ஆதரவு. இன்றைய வணிக வழக்கில் ‘ஊழியர் நலத்திட்டம்’ எனப்படுவது இதுவே.

இந்நலன்கள் அரசாங்க எல்லையைக் கடந்து தனியார் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் எவ்வாறு பரவின என்பதையும், சட்டம் விதித்த நலன்களுக்கு மேலதிகமான நலன்களை நிறுவனங்களுக்கு எடுத்துச் செல்லும் காப்புறுதித் தரகரின் பணி எத்தகையது என்பதையும் குடாநாட்டின் வரலாற்றுப் பின்னணியில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறவே காப்பாக இருந்த காலம்

யாழ்ப்பாணத்தின் மரபுவழித் தொழில்களுள் சுருட்டுத் தொழிலும் கடை வாணிபமும் முதன்மையானவை. தீவுப்பகுதியைச் சேர்ந்த வணிகர் பலர் தென்னிலங்கையின் நகரங்களிலும் கிராமங்களிலும் கடை வைத்தனர். அக்கடைகளில் வேலைக்கமர்ந்தோர் பெரும்பாலும் முதலாளியின் உறவினர், அன்றேல் ஊரவர். எழுத்திலான ஒப்பந்தம் எதுவுமில்லை. உணவும் உறைவிடமும் கடையிலேயே கிடைத்தன. நோயுற்றால் முதலாளியே வைத்தியம் பார்ப்பித்தார். சில ஆண்டுகள் உண்மையாக உழைத்தவனுக்குத் தனிக்கடை வைத்துக் கொடுப்பதும், தங்கையின் திருமணத்துக்குக் கைகொடுப்பதும் முதலாளியின் கடமையெனக் கருதப்பட்டன. இதனை ஒருவகைக் காப்பு எனக் கூறுதல் பொருந்தும்.

எனினும் இக்காப்பின் குறைபாடு வெளிப்படை. அது உரிமையன்று, தயவு. முதலாளி நொடித்தால் அவரோடு சேர்ந்து அதுவும் நொடித்தது. முதலாளியுடன் பிணக்குற்றவனுக்கு அது இல்லாமற்போயிற்று. உறவினனல்லாத கூலியாளுக்கு அது முழுமையாகக் கிட்டியதுமில்லை. சுருட்டுக் கொட்டிலில் சுற்றிய சுருட்டின் எண்ணிக்கைக்கே கூலி பெற்ற தொழிலாளி, கை ஓய்ந்த அன்றே வருவாயும் ஓயக் கண்டான்.

இவ்விடைவெளியை நிரப்ப ஊர் மக்கள் தாமே சில ஏற்பாடுகளைக் கண்டனர். சீட்டுப் பிடித்தல் அவற்றுள் ஒன்று. அது சேமிப்புக்கும் கடனுக்கும் உதவியதேயன்றி இடர் தாங்கும் ஏற்பாடன்று. சீட்டை எடுத்தவன் இறந்தாலும் எஞ்சிய தவணைகளை அவன் குடும்பம் கட்டியாக வேண்டும். மரண சகாய நிதிச் சங்கங்கள் இதனின்று வேறுபட்டவை. உறுப்பினர் யாவரும் சிறுதொகை செலுத்த, இறந்தவரின் ஈமச் செலவுக்கு உடனடியாக ஒரு தொகை வழங்கப்பட்டது. பலர் செலுத்துவதை இடருற்ற சிலருக்கு அளித்தல் என்னும் காப்புறுதித் தத்துவம் இங்கு முழுமையாக அமைந்துள்ளமை கவனத்திற்குரியது. 1891 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சங்கங்கள் கட்டளைச் சட்டம் இத்தகைய பரஸ்பர உதவிச் சங்கங்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது.

அரசாங்க உத்தியோகத்தின் கவர்ச்சி

பிரித்தானிய ஆட்சி தன் உத்தியோகத்தருக்கு அளித்த காப்பு வேறு வகையானது. ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்து, உத்தியோகத்தரின் ஓய்வூதியத்தை ஒழுங்குபடுத்தியது. 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதியை ஒழுங்குபடுத்தியது. உத்தியோகத்தரின் சம்பளத்தில் மாதந்தோறும் கழிக்கப்பட்ட தொகை, அவர் இறந்தபின் மனைவிக்கும் பராயமடையாத பிள்ளைகளுக்கும் ஓய்வூதியமாகத் திரும்பியது.

இவ்வேற்பாட்டின் மூலம் ஐரோப்பாவில் உள்ளது. 1744 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துத் திருச்சபையின் குருமாரான ரொபேர்ட் வொலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்ரர் ஆகிய இருவரும் குருமாரின் விதவைகளுக்கென ஒரு நிதியை உருவாக்கினர். ஆண்டொன்றுக்கு எத்தனை குருமார் இறப்பர், எத்தனை விதவையர் எஞ்சுவர் என்பதைக் கணித்து, அதற்கேற்பக் கட்டுப்பணத்தை அவர்கள் நிர்ணயித்தனர். தனிமனிதன் எப்போது இறப்பான் என்பதை எவரும் அறியார். ஆயினும் ஒரு குழுவில் எத்தனை பேர் இறப்பர் என்பதை ஓரளவு சரியாகக் கணிக்கலாம் என்ற உண்மையே அந்நிதியின் அத்திவாரம். குழுக் காப்புறுதி முழுவதற்கும் அதுவே அத்திவாரமாகும்.

இக்காப்பின் சுவையை யாழ்ப்பாணம் இரு வழிகளில் அறிந்தது. இலங்கை அரசாங்க சேவை ஒன்று, மலாயா மற்றையது. 1896 ஆம் ஆண்டில் மலாய்க் கூட்டு மாநிலங்கள் அமைந்தபின், அங்கு புகையிரதப் பகுதி, பொதுவேலைப் பகுதி, கந்தோர்கள் ஆகியவற்றில் பணிபுரிய ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர் பெருந்தொகையாகச் சென்றனர். ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பிய ‘மலாயாப் பென்சனியர்’ குடாநாட்டின் சமூக வாழ்வில் ஒரு தனி வகுப்பினராயினர். கல்வீடு, பாடசாலைக் கட்டடம், கோயில் திருப்பணி என்பவற்றில் அவர்களின் ஓய்வூதியம் தடம் பதித்தது. மாதந்தோறும் தவறாது வரும் பணத்தின் வலிமையை ஊர் கண்ணாரக் கண்டது. சீதனச் சந்தையில் உத்தியோக மாப்பிள்ளைக்கு ஏற்பட்ட மதிப்பும் இதனோடு தொடர்புடையதே. மணமகனின் சம்பளத்தை மட்டுமன்றி, மகள் விதவையாக நேரின் அவளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பையும் பெற்றோர் எண்ணிப் பார்த்தனர்.

1942 ஆம் ஆண்டில் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து ஊருக்குப் பணம் வருதல் தடைப்பட்டது. காப்பளிப்பவரின் வலிமையைப் பொறுத்ததே காப்பின் வலிமை என்னும் பாடத்தைக் குடாநாட்டுக் குடும்பங்கள் முதன்முதலில் பரவலாகக் கற்ற சந்தர்ப்பம் இது எனலாம். அப்பாடம் பின்னரும் மீண்டும் மீண்டும் கற்பிக்கப்பட்டது.

கூட்டுறவு காட்டிய வழி

அரசாங்க உத்தியோகம் எல்லோருக்கும் கிட்டுவதன்று. கிட்டாதோருக்குக் கைகொடுத்த இயக்கம் கூட்டுறவு. 1911 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின் பின் இலங்கையில் கூட்டுறவு முறையாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் அது ஆழ வேரூன்றியது. 1929 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கூட்டுறவு மாகாண வங்கி தோன்றியது. 1934 ஆம் ஆண்டில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் நிறுவப்பட்டுத் திருவிதாங்கூர்ச் சந்தைக்குச் சென்ற புகையிலையின் வாணிபத்தை ஒழுங்குபடுத்தியது. கூட்டுறவுப் பெரியார் வீ. வீரசிங்கத்தின் பெயரை யாழ்ப்பாண நகரின் வீரசிங்கம் மண்டபம் இன்றும் தாங்கி நிற்கின்றது.

இவ்வியக்கத்தின் சாதனைகளுள் இக்கட்டுரைக்கு மிக நெருக்கமானது மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை. 1930களின் நடுப்பகுதியில் ஊரவர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு வைத்தியசாலையைக் கூட்டுறவு முறையில் அமைத்தமை, நாட்டில் முன்மாதிரியற்ற செயலாகும். இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1929 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டலஸ் நகரில் பெய்லர் பல்கலைக்கழக வைத்தியசாலை பாடசாலை ஆசிரியர்களோடு ஓர் ஏற்பாட்டைச் செய்திருந்தது. ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதம் 50 சதம் செலுத்த வேண்டும்; நோயுற்றால் ஆண்டுக்கு 21 நாள் வரை வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். அமெரிக்காவின் மாபெரும் மருத்துவக் காப்புறுதி அமைப்பான ‘புளூ குரொஸ்’ இவ்வித்திலிருந்தே முளைத்தது. டலசும் மூளாயும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை. நோய் வருமுன் பலர் சேர்ந்து பணம் வைத்தல் என்னும் ஒரே எண்ணம் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு இடங்களிலும் செயல் வடிவம் பெற்றது. ஒன்று வேலைத்தலத்தைக் குழுவாகக் கொண்டது. மற்றையது ஊரைக் குழுவாகக் கொண்டது. இவ்வேறுபாடு பின்னர் ஆராயப்படும்.

சட்டம் இட்ட அடித்தளம்

தொழிலாளர் காப்பைச் சட்டக் கடமையாக்கிய முதல் நாடு ஜேர்மனி. பிஸ்மார்க்கின் ஆட்சியில் 1883 ஆம் ஆண்டு நோய்க் காப்புறுதியும், 1884 ஆம் ஆண்டு விபத்துக் காப்புறுதியும், 1889 ஆம் ஆண்டு முதுமைக் காப்புறுதியும் சட்டமாயின. பிரித்தானியா 1897 ஆம் ஆண்டில் வேலையாள் நட்டஈட்டுச் சட்டத்தை இயற்றியது. இலங்கையில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழில் காரணமாக ஏற்படும் விபத்துக்கு வேலைகொள்வோரைப் பொறுப்பாளியாக்கியது. 1939 ஆம் ஆண்டில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் கடை, கந்தோர் ஊழியரின் வேலை நேரத்தையும் விடுமுறையையும் ஒழுங்கு செய்தது.

இவை யாவற்றிலும் பெரிய திருப்பம் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். தொடக்கத்தில் ஊழியர் நூற்றுக்கு 4 வீதமும் வேலைகொள்வோர் 6 வீதமும் செலுத்த விதிக்கப்பட்டது. பின்னர் இவை முறையே 8, 12 வீதங்களாக உயர்ந்தன. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை உருவாக்கியது. அதற்கு வேலைகொள்வோர் மட்டுமே 3 வீதம் செலுத்துவர். உறுப்பினர் இறந்தால் ஆயுட் காப்புத் தொகை, நிரந்தர இயலாமைக்கு உதவி, இருதய சத்திரசிகிச்சைக்கு உதவி என்பன இந்நிதியின் நலன்களுட் சில. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் 5 ஆண்டுகள் சேவை முடித்தவருக்கு, மாதச் சம்பளம் பெறுபவராயின், ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாக உரித்தாகும்.

குடாநாட்டில் இச்சட்டங்கள் முழுப் பயனளித்த இடம் பெரிய தொழிற்சாலைகளே. அவற்றுள் தலையாயது காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை. 1950 ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய இத்தொழிற்சாலை, அரசாங்க உத்தியோகம் அல்லாத, ஆயினும் அதற்கு நிகரான பாதுகாப்புடைய தொழிலைக் குடாநாட்டுக்குள்ளேயே அளித்தது. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின் அரசாங்க சேவையின் வாயில் தமிழ் இளைஞருக்குப் படிப்படியாக ஒடுங்கிவந்த காலத்தில் இதன் முக்கியத்துவம் மேலும் பெருகியது.

1990 ஆம் ஆண்டில் போரின் காரணமாகத் தொழிற்சாலை இயங்காதொழிந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். ஈண்டு ஓர் உண்மை துலக்கமாகின்றது. தொழிற்சாலை தந்த வேலை நின்றது. தொழிற்சாலையோடு பிணைந்திருந்த நலன்களும் நின்றன. ஆயின், சேமலாப நிதியில் ஊழியரின் பெயரில் சேர்ந்திருந்த பணம் தொழிற்சாலையில் இருக்கவில்லை. மத்திய வங்கியின் பொறுப்பில் இருந்தது. எனவே அது தொழிற்சாலையின் அழிவோடு அழியவில்லை. வேலைகொள்வோரின் கையில் இருக்கும் காப்பு வேறு, அவருக்கு வெளியே ஊழியரின் பெயரில் நிற்கும் காப்பு வேறு. ஊழியர் நலத்திட்டம் எதனையும் மதிப்பிடுவதற்கு உரிய முதல் அளவுகோல் இவ்வேறுபாடே.

முகவரும் தரகரும்

இலங்கையில் ஆயுட் காப்புறுதி பிரித்தானிய, இந்தியக் கம்பனிகளால் பரவியது. 1874 ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய ஓரியன்ரல் கம்பனி அவற்றுள் பெயர்பெற்றது. நிலையான சம்பளமும் மாதந்தோறும் கழிவு செய்யத்தக்க சம்பளப் பட்டியலும் உடைய உத்தியோகத்தரே முகவரின் நாட்டத்துக்கு இலக்காயினர். ஏற்கெனவே ஓய்வூதியக் காப்புடையவருக்கே மேலும் காப்பு விற்கப்பட்டது. காப்பே இல்லாத சுருட்டுத் தொழிலாளியின் படலையை முகவர் தட்டவில்லை. காப்புறுதி வரலாற்றில் அடிக்கடி காணப்படும் முரண்பாடு இது.

1961 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாகி, 1962 ஆம் ஆண்டு முதல் புதிய ஆயுட் காப்புறுதியும் 1964 ஆம் ஆண்டு முதல் பொதுக் காப்புறுதியும் அரசின் தனியுரிமையாயின. அரசின் பெயர் அளித்த நம்பிக்கை இதன் நன்மை. ஒப்பிட்டுத் தெரிவு செய்ய மாற்று நிறுவனம் இல்லாமை இதன் குறை. ஒரே விற்பனையாளர் உள்ள சந்தையில் தரகருக்கு இடம் மிகக் குறைவு. 1986 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தனியார் கம்பனிகளை அனுமதித்தபின்னரே போட்டி மீண்டது. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் காப்புறுதித் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம், தரகராகத் தொழில் செய்ய விழையும் கம்பனிகள் பதிவு பெற வேண்டுமென விதித்தது.

முகவர், தரகர் ஆகிய சொற்கள் பேச்சு வழக்கில் ஒன்றுபோல் ஆளப்படினும் அவற்றின் பொருள் வேறு. முகவர் காப்புறுதிக் கம்பனியின் சார்பில் வாடிக்கையாளரிடம் வருபவர். தரகர் வாடிக்கையாளரின் சார்பில் கம்பனிகளிடம் செல்பவர். இருவருக்கும் தரகுப்பணம் கட்டுப்பணத்திலிருந்தே கிடைப்பதால் இவ்வேறுபாடு மங்கிவிடக்கூடும். அது மங்காதிருத்தலிலேயே தரகரின் தொழில் அறம் தங்கியுள்ளது.

மேலதிக நலத்திட்டமும் தரகரின் பணியும்

நிறுவனம் ஒன்று தன் ஊழியர் அனைவருக்கும் ஒரே ஒப்பந்தத்தால் காப்புப் பெறும் முறை அமெரிக்காவில் 1910களின் தொடக்கத்தில் வேரூன்றியது. 1912 ஆம் ஆண்டில் மொன்ற்கொமரி வார்ட் என்னும் வணிக நிறுவனம் தன் ஊழியர் ஏறத்தாழ 3,000 பேருக்கு எக்குவிற்றபிள் கம்பனியிடம் குழு ஆயுட் காப்புறுதி பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஆம் ஆண்டின் சட்டம் சம்பள உயர்வைக் கட்டுப்படுத்திற்று. காப்புறுதி, ஓய்வூதிய நலன்களோ அக்கட்டுப்பாட்டுக்கு வெளியே நின்றன. சம்பளத்தை உயர்த்த இயலாத நிறுவனங்கள் நலன்களை உயர்த்தி ஊழியரைத் தக்கவைத்தன. மேலதிக நலத்திட்டம் வணிகப் பொருளாயிற்று. அதனை விற்கும் தரகரும் பெருகினர்.

குழுக் காப்புறுதி தனியாள் காப்புறுதியினும் மலிவாயிருப்பதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, நூறு பத்திரங்களுக்குப் பதிலாக ஒரு பத்திரமே எழுதப்படுவதால் நிருவாகச் செலவு குறைகின்றது. இரண்டாவது, வேலைக்கு வரும் அளவுக்கு உடல்நலமுடையோரே குழுவில் இருப்பதால், ஓர் எல்லை வரை வைத்தியப் பரிசோதனை தேவைப்படுவதில்லை. மூன்றாவது, நோயாளிகள் மட்டும் தேடிவந்து சேரும் இடர் குறைகின்றது. இம்மூன்றாவது காரணம் நிலைபெற ஊழியர் அனைவருமோ பெரும்பாலோரோ சேர்தல் இன்றியமையாதது. விரும்பியவர் மட்டும் சேரலாம் எனின், நோயுடையோரே விரைந்து சேர்வர், கட்டுப்பணம் உயரும், நலமுடையோர் விலகுவர், திட்டம் தானே சரியும்.

தரகரின் பணி விற்பனையில் தொடங்குவதன்று, கணக்கெடுப்பில் தொடங்குவது. நிறுவனத்தில் எத்தனை பேர், அவர்களின் வயதென்ன, தொழிலின் இடரென்ன, குடும்பப் பொறுப்பென்ன என்பன முதலில் அறியப்படல் வேண்டும். அடுத்து, சட்டம் ஏற்கெனவே அளிப்பவற்றை நிரற்படுத்தல் வேண்டும். சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி, பணிக்கொடை, வேலையாள் நட்டஈடு ஆகியன தருவதை மீண்டும் விற்பது வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குவதாகும். இவற்றுக்கு அப்பால் எஞ்சும் இடைவெளியே மேலதிகத் திட்டத்தின் களம்.

யாழ்ப்பாணத்தில் அவ்விடைவெளி அமெரிக்காவில் உள்ளதன்று. இங்கு அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை பெறும் கடை ஊழியருக்குச் சிகிச்சைச் செலவினும் பெரிய சுமை, வேலைக்குச் செல்லாத நாள்களின் வருவாய் இழப்பு. துணைக்கு நிற்பவரின் வருவாய் இழப்பும் அதனோடு சேரும். ஆகவே, தனியார் வைத்தியசாலைச் செலவை மீளளிக்கும் திட்டம் முகாமையாளருக்கு உவப்பானதாயிருப்பினும், வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி வழங்கும் திட்டமே கீழ்நிலை ஊழியருக்குக் கூடுதல் பயனளிக்கும். கம்பனியின் அச்சிட்ட திட்டத்தை அப்படியே விரிப்பவர் முகவராகலாம். இவ்வேறுபாட்டைக் கண்டு கூறுபவரே தரகர்.

குடாநாட்டுக்கேயுரிய மற்றொரு சிக்கல் நிறுவனங்களின் சிறுமை. ஐந்து பேர், எட்டுப் பேர் வேலை செய்யும் கடைகளே மிகுதி. பணிக்கொடைச் சட்டத்தின் 15 பேர் என்னும் எல்லையை அவை எட்டுவதில்லை. குழுக் காப்புறுதிக்கும் அவை போதிய குழுவாக அமைவதில்லை. ஒருவரின் மரணமோ பெரிய நோயோ அச்சிறு குழுவின் கணக்கையே குலைத்துவிடும். இங்குதான் மூளாயின் பாடம் பயன்படும். வேலைத்தலம் சிறிதாயின் ஊரையோ தொழிலையோ குழுவாக்கலாம். வணிகர் கழகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் முதலியன பல சிறு அலகுகளை ஒன்றிணைத்து ஒரே ஒப்பந்தத்தின் கீழ்க் கொண்டுவரக்கூடியவை. மரத்திலிருந்து விழும் இடர் நாளும் சூழ்ந்த சீவல் தொழிலாளி, ஒரு முதலாளியின் கீழ் வேலை செய்பவனல்லன். முதலாளியைப் பொறுப்பாளியாக்கும் நட்டஈட்டுச் சட்டத்தினும் சங்கவழிக் காப்பே அவன் நிலைக்கு ஏற்றது.

கணக்கெடுத்துத் திட்டம் வகுத்தபின், பல கம்பனிகளின் விலைகளை ஒப்பிடல், விலக்குகளை வாசித்து விளக்கல், ஊழியரைக் கூட்டித் தமிழில் தெளிவுபடுத்தல் என்பன தொடரும். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்க, ஊழியரின் விளங்கிக்கொள்ளல் வாய்மொழி வாக்குறுதியில் தங்கியிருத்தல் பிணக்குக்கு வித்தாகும். பின்னுரித்தாளரின் பெயரைப் பதிவு செய்தல் சிறு செயலாகத் தோன்றினும், மரணத்தின் பின் குடும்பம் அலைக்கழிவதும் அலைக்கழியாததும் அதில் தங்கியுள்ளன. இறுதியாக, இழப்பீட்டுக் கோரிக்கை எழும்போது ஊழியரின் பக்கம் நிற்றல். முதற் கோரிக்கை தீர்க்கப்படும் விதமே அடுத்த கடைக்காரரின் முடிவைத் தீர்மானிக்கும். சிறிய ஊரில் நம்பிக்கையும் அவநம்பிக்கையும் விரைந்து பரவும்.

போரும் பணவீக்கமும் கற்பித்தவை

யுத்தத்தால் விளையும் இழப்பைச் சாதாரண காப்புறுதி ஒப்பந்தங்கள் விலக்குவது உலக வழக்கு. ஒருவரின் இழப்பைப் பலர் பகிர்தல் காப்புறுதி. எல்லோரும் ஒரே நாளில் இழப்பெய்தினால் பகிர்வோர் எவருமிலர். 1983 ஆம் ஆண்டு யூலை வன்செயல்களின் பின், 1987 ஆம் ஆண்டில், கலகம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் முதலியவற்றுக்கென அரசு தனி நிதியொன்றை அமைக்க நேர்ந்தமை இதனாலேயே. கட்டுப்பணம் உரிய தவணையில் சேராவிடின் ஒப்பந்தம் காலாவதியாகும் என்பது மற்றொரு விதி. பாதை மூடுண்டு தபாலும் வங்கியும் தடுமாறிய குடாநாட்டில் இவ்விதியின் கடுமையை விளக்க வேண்டியதில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரேயடியாக இடம்பெயர்ந்தபோது, கையில் எடுத்துச் செல்ல முடிந்தவற்றுள் பத்திரங்கள் அடங்கினவா என்பது பின்னாளில் பல குடும்பங்களின் உரிமையைத் தீர்மானித்தது.

இக்காலத்தில் குடாநாட்டின் உண்மையான காப்பு கடல் கடந்த உறவே. கனடாவிலோ பிரித்தானியாவிலோ உள்ள பிள்ளை அனுப்பிய பணம் வைத்தியத்துக்கும் ஈமக்கிரியைக்கும் வீட்டுத் திருத்தத்துக்கும் ஈடு கொடுத்தது. பழைய கடை முதலாளியின் தயவு புதிய வடிவில் மீண்டது எனலாம். அதன் குறைபாடும் பழையதே: வெளிநாட்டில் உறவில்லாதவருக்கு அது இல்லை.

2009 ஆம் ஆண்டில் ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின் வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் யாழ்ப்பாணத்தில் தம் கிளைகளை விரிவாக்கின. இதனிடையே, 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் அரசாங்க ஊழியருக்கு ‘அக்ரகார’ மருத்துவக் காப்பை வழங்கிவருகின்றது. அரசாங்க ஊழியருக்கும் தனியார் ஊழியருக்கும் இடையிலான பழைய இடைவெளி இதனால் மேலும் ஒரு படி விரிந்தது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி புதியதொரு பாடத்தைப் புகட்டியது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. ரூபாவில் குறிக்கப்பட்ட காப்புத் தொகை மாறாதிருக்க, அத்தொகையால் வாங்கக்கூடியது சுருங்கியது. 2023 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் சேமலாப நிதியின் முதலீடுகளும் உள்ளடக்கப்பட்டன. தொழிற்சாலையின் அழிவைத் தாண்டி நின்ற நிதியும் நாட்டின் பொருளாதாரத்தைத் தாண்டி நிற்பதில்லை. ஆண்டுதோறும் காப்புத் தொகையை மீளாய்வு செய்தல் தரகரின் பணியில் ஓர் அங்கமாக வேண்டியதற்கு இதனினும் வலிய காரணம் தேவையில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, யாழ்ப்பாணத்தில் ஊழியர் காப்பு தயவிலிருந்து உரிமைக்கு நகர்ந்த ஒரு வரலாறு புலப்படும். முதலாளியின் தயவு, அரசாங்கத்தின் ஓய்வூதியம், கூட்டுறவின் பரஸ்பர உதவி, சட்டத்தின் கட்டாயம், சந்தையின் ஒப்பந்தம் என்பன அதன் படிகள். ஒவ்வொரு படியும் முந்தியதை அழித்து எழவில்லை. முந்தியது எட்டாதோரை எட்ட முயன்று எழுந்தது.

மேலதிக நலத்திட்டத்துக்கு ஓர் எல்லையுண்டு. குழுக் காப்புறுதி வேலை உள்ளவரையே உள்ளது; வேலை நீங்கிய நாளில் அதுவும் நீங்கும். சேமலாப நிதியைப் போல் அது ஊழியரோடு தொடர்ந்து செல்வதில்லை. இவ்வெல்லையை மறைத்து விற்பவர் ஒருமுறை விற்பார். அதனை வெளிப்படையாகக் கூறி, சட்டம் தரும் அடித்தளத்தின் மேல் ஒரு கூரையாக மட்டுமே மேலதிகத் திட்டத்தை அமைப்பவர் ஊரின் நம்பிக்கையைப் பெறுவார். கோறணமேந்து உத்தியோகத்தை நாடிய மூதாதையர் மோகத்தால் மட்டும் அதனை நாடவில்லை. முதுமைக்கும் மரணத்துக்கும் விடை தேடி நாடினர். அவ்விடையைக் கடைச் சிப்பந்திக்கும், தனியார் பாடசாலை ஆசிரியைக்கும், சீவல் தொழிலாளிக்கும் உரியதாக்குவதே இத்துறையில் எஞ்சியுள்ள பணி.